சங்கிலி மாஸ்டரும் ஐந்து டம்ளரும்

“ஒரு குவாட்டர் குடுங்கண்ணே. சில்லுனு இருக்கட்டும்.”

கேட்டவர் என்னைக் கடைக்காரன் என்று நினைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. கே.கே. நகரில், பல் ஆஸ்பத்திரிக்கும் டியூஷன் சென்டருக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கடையின் போர்டில் ‘கருந்திராட்சை’ என்று எழுதி, பக்கத்தில் நீளக் கால் வைத்த கண்ணாடிக் கோப்பை ஒன்றை வரைந்திருந்தார்கள். உள்ளே அலமாரி முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பாட்டில்கள். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அதை ஒயின் ஷாப் என்றுதான் சொல்கிறார்கள். கீரைக்காரம்மா உட்பட.

“அண்ணே, இது திராட்சை ஜூஸ் விக்கிற கடை.”

“எல்லாம் திராட்சை ஜூஸ்தான் மாப்ள. நீ ஊத்து.”

ஊற்றினேன். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“எப்பப்பா ஏறும்?”

“நாளைக்குக் காலைலண்ணே. தெம்பா எந்திரிப்பீங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். நல்ல சரக்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா.

“சிவா, வியாபாரம் முடிஞ்சிருச்சுன்னா இங்கிட்டு வா,” என்றார் சூடாமணி அக்கா.

அக்கா என் முதலாளி. சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். துப்பறியும் நிலையம் என்றதும் துப்பாக்கி, கறுப்புக் கண்ணாடி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். எங்களுக்கு வருவதில் பெரும்பாலானவை கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, மாமியாருக்கு வாய் எவ்வளவு நீளம். ஐம்பதைத் தாண்டிய அக்கா, பருத்திச் சேலையும் தோளில் துணிப்பையுமாகத் தெருவில் இறங்கினால், பையனுக்குப் பெண் பார்க்கும் குடும்பங்கள் எதிர் பிளாட்பாரத்துக்குப் போய்விடும். நான் சிவக்குமார். போலீஸ் தேர்வில் உயரம் கொஞ்சம் குறைந்துபோனதால் அக்காவிடம் சேர்ந்தவன். இங்கே உயரம் பார்ப்பதில்லை, சம்பளமும் அதற்கேற்றாற்போல்தான்.

கடைக்காரி இந்துப்ரியாவும் அக்காவும் கொஞ்ச நேரம் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது காபி என்ற சொல் மட்டும். அது எனக்கு இல்லை என்பதும் கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

“தமிழ்ல சொல்லும்மா. இவனும் கேக்கட்டும்,” என்றார் அக்கா.

இந்துப்ரியா சொன்னது இதுதான். கடை திறந்ததும் ஈ ஓட்ட வேண்டியிருந்தது. அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சனிக்கிழமைதோறும் மாலையில் கடை வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு ‘சுவைமேடை’ நடத்தத் தொடங்கினாள். வாரம் ஐந்து விதமான திராட்சைச் சாறு. தேன் கலந்தது, நெல்லி கலந்தது, நாவல், சீரகம், நன்னாரி என்று வாராவாரம் மாறும். அன்றைக்கு என்னென்ன என்று போர்டில் எழுதிவிடுவாள். எந்த டம்ளரில் எது என்று மட்டும் சொல்ல மாட்டாள். போட்டிக்கு வருகிறவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கூட்டம் பிய்த்துக்கொண்டது. எதிரெதிர் வீட்டில் பத்து வருஷமாக இருந்து முகம் பார்க்காதவர்கள், “நெல்லியை நாவல்னு சொல்லிட்டீங்களே சார்” என்று ஒருவரையொருவர் கேலி பண்ணிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

“அப்பறம் என்ன பிரச்சனை?” என்றேன்.

“போட்டி ஆரம்பிச்சதுல இருந்து ஒரே ஆள்தான் ஜெயிக்கிறாரு. சங்கிலி மாஸ்டர். திருமங்கலத்துல கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுக்குறவரு.”

“சமையல்காரரு ருசி கண்டுபிடிக்கிறதுல என்ன அதிசயம்?”

“நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா அவரு குடிக்கிறத நீங்க பாக்கணும். மத்தவங்க ஒரு வாயி குடிச்சு, கொப்புளிச்சு, தலைய ஆட்டி, மறுபடி கேட்டு வாங்கிக் குடிப்பாங்க. இவரு அஞ்சையும் மடக் மடக்குனு தண்ணி மாதிரி குடிச்சிட்டு, கடைசியா மொத்தமா சொல்றாரு. முன்னாடியே தெரிஞ்ச மாதிரி.” அவள் குரல் இறங்கியது. “வரிசை எனக்கு மட்டுந்தான் தெரியும்க்கா. திரைக்குப் பின்னாடி நானேதான் ஊத்துறேன், மனசுக்குத் தோணுன மாதிரி மாத்தி மாத்தி. தட்டத் தூக்கிட்டுப் போறது என் வீட்டுக்காரரு ஒருத்தருதான்.”

சொல்லும்போதே இந்துப்ரியாவுக்குக் கண் கலங்கியது.

“வர்ற சனிக்கிழமை கடைசிப் போட்டி. ஜெயிக்கிறவங்க கைகாட்டுற ஒரே ஒரு திராட்சை ரசத்தத்தான் ஆவணி முகூர்த்தத்துக்கு பாட்டில் போடப் போறேன், கல்யாண வீட்டு வரவேற்புக்கு. எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு. என் நகை மொத்தமும் அடகுல இருக்குக்கா. தப்பான ரசத்தப் போட்டேன்னா கடைய மூட வேண்டியதுதான். அதுக்கும் மேல, எங்க வீட்டுக்காரரையே சந்தேகப்பட்டுக்கிட்டு அவருக்குச் சோறு போட முடியல.”

“ஒரு வாரங்கூட மாஸ்டர் தப்பா சொன்னதில்லையா?” என்றார் அக்கா.

“ரெண்டாவது வாரம் மட்டும். நன்னாரியையும் சீரகத்தையும் மாத்திச் சொல்லிட்டாரு. அன்னைக்கு கரண்ட் போயிருச்சு. அந்தக் குழப்பத்துல நாலாவதா வச்ச சீரகம் சிந்திருச்சு. நன்னாரிய அங்க நகத்திட்டு, சீரகத்தக் கடைசில புதுசா ஊத்தி வச்சேன். மத்தவங்க அதவிட மோசமா சொன்னதால அன்னைக்கும் அவருதான் ஜெயிச்சாரு.”

அக்கா அவளிடம் அந்த ரெண்டாவது வாரத்து ஐந்து சாறையும் சின்னச் சின்ன பாட்டிலில் கேட்டு வாங்கிக்கொண்டார். காசு கொடுத்த மாதிரி தெரியவில்லை.

மறுநாள் நான் புருஷன்காரரைப் பின்தொடர்ந்தேன். வெங்கடேஷ்பாபு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சுவைமேடையில் மைக் பிடிக்கிறவரும் அவர்தான். அவர் அடிக்கிற ஜோக்குகளில்தான் சங்கேதம் இருக்கிறது என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வண்டியூர்க் கண்மாய்ப் பூங்காவுக்குப் போனார். ஆள் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். பிறகு கையில் தண்ணீர் பாட்டிலை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, சனிக்கிழமைக்கான ஜோக்குகளைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு ஜோக்குக்கும் அவரே சிரித்தும் கொண்டார். அந்த மனிதர் மேல் சந்தேகப்பட்டதற்காக உண்மையிலேயே வெட்கப்பட்டேன்.

ஆபீசுக்கு வந்து சொன்னேன். அக்கா மேசையில் ஐந்து டம்ளரை வைத்திருந்தார்.

“இந்தா, இது தேன், இது நாவல், இது நன்னாரி, இது நெல்லி, இது சீரகம். உனக்குத் தோணுற மாதிரி வரிசையா வையி. எப்படி வேணும்னாலும்.”

வைத்தேன். அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னக்கா?”

“வா, கீழ போவோம்.”

கீழே பிளாஸ்டிக் கடைக்காரரிடம் அதையே சொன்னார். அவர் வைத்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அழகுபாண்டி, வண்டிக்கு ஆள் சேர்த்தபடி “ஏறு ஏறு” என்று கத்திக்கொண்டே வைத்தான். பூக்கட்டுகிற அம்மா ஒரு கையால் நாரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வைத்தார். எனக்கு மெதுவாக உறைத்தது. எல்லோருமே தேனை முதலில் வைத்தார்கள். நெல்லி அடுத்து. சீரகம் கடைசிக்கு முன்னால். நன்னாரி கடைசி. நான் வைத்ததும் அப்படியேதான்.

“நன்னாரிய ஏண்ணே கடைசில வச்ச?” என்று அழகுபாண்டியைக் கேட்டேன்.

“தெரியலயே மாப்ள. கை தானா போச்சு. குளிர்ச்சில்ல? மோரு கடைசிலதான?”

பக்கத்துக் கட்டிடத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த வடக்கத்தி பெயின்டரையும் அக்கா கூப்பிட்டார். அவர் நன்னாரியை முதலில் வைத்தார், தேனை நடுவில் வைத்தார், சீரகத்தை எடுத்துக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

“புரியுதா?” என்றார் அக்கா. “நம்ம ஊர்க்காரங்களுக்கு இலை போடாமலே கையில பந்தி நடக்குது. இனிப்பு முதல்ல. ஊறுகா மாதிரி புளிப்பு அடுத்தது. ரசம் மாதிரி சீரகம் கடைசிக்கு முன்னாடி. மோரு மாதிரி குளிர்ச்சி முடிவுல. இந்துப்ரியா கண்ணாபின்னான்னு மாத்தி வைக்கிறதா நெனச்சுக்கிட்டு வாராவாரம் பந்திதான் வச்சிருக்கா. சாறு மாறுது, முறை மாறல. ஆயுசு பூரா பந்தி பரிமாறுன ஆளு, போர்டப் பாத்தாலே எது எந்த டம்ளர்னு சொல்லிருவாரு.”

“அப்ப யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. கேஸ் முடிஞ்சது. சாப்பிடப் போலாமா?”

“போடா. இப்பத்தான் ஆரம்பிக்குது. ருசி தெரிஞ்ச ஆளுக்கு இந்தக் குறுக்கு வழி எதுக்கு? ரெண்டாவது வாரத்த யோசிச்சுப் பாரு. கரண்ட் போனதால முறை தப்பிப்போன ஒரே நாள்லதான் அவரும் தப்பா சொல்லியிருக்காரு. நன்னாரிக்கும் சீரகத்துக்கும் வித்தியாசம் தெரியாத சமையல் மாஸ்டர நீ பாத்திருக்கியா?”

நான் பார்த்ததில்லை. பசி கொஞ்சம் அடங்கியது.

வெள்ளிக்கிழமை என் வண்டியில் திருமங்கலம் போனோம். அக்கா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் ஃபிளாஸ்க்கை அணைத்துப் பிடித்திருந்தார். நாலுவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே, “மெதுவா போடா, காபி சிந்திரும்” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அவர் உயிரைப் பற்றியோ என் உயிரைப் பற்றியோ அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அங்கே ஒரு மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கொட்டகை. மறுநாள் காலை விருந்துக்கு ஆட்கள் பூசணிக்காயை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கிலி மாஸ்டர் ஆஜானுபாகுவான ஆள். தோளில் துண்டு, முறுக்கிய மீசை, நின்ற இடத்திலிருந்தே கொட்டகை முழுதையும் ஆட்டிவைக்கும் குரல்.

“எங்க தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு,” என்றார் அக்கா. தங்கச்சியே கிடையாது. “நம்ம ஆளுங்க வீட்ல எல்லாம் உங்க பேரத்தான் சொல்றாங்க. பேசுறதுக்கு முன்னாடி ஒரு வாய் காபி குடிங்கண்ணே. நானே போட்டது.”

மாஸ்டர் வாங்கிக் குடித்தார். “அருமையா இருக்குக்கா. டிகிரி காபின்னா இதுதான்.”

எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார். மூன்று வருஷத்தில் அக்கா எனக்குத் தன் கையால் ஊற்றித் தந்த முதல் காபி. ஆசையாக ஒரு பெரிய வாய் குடித்தேன்.

அது காபியில்லை. அதில் சீனிக்குப் பதிலாக உப்பைக் கொட்டியிருந்தார் மகராசி.

துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கொட்டகையின் மறுபக்கம் ஓடினேன். அங்கே அடுப்போரம் ஒரு அம்மா நின்றிருந்தார். பக்கத்தில் மூடி வைத்த சின்னப் பானையில் கஞ்சி இருந்தது. கேட்கக்கூட நேரமில்லாமல் மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டேன். கஞ்சியில் ஒன்றுமே தெரியவில்லை. உப்பு என்பதே இல்லை. எனக்கு நாக்கு போய்விட்டது என்று பயந்துபோனேன்.

“அத ஏந்தம்பி எடுத்த?” அந்த அம்மா பானையை அவசரமாக நகர்த்திக்கொண்டார். “அது மாஸ்டருக்குன்னு தனியா வச்சது. இந்தா, இந்த ரசத்தக் குடி.”

ரசம் பிரமாதமாக இருந்தது. சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பெயர் முத்துத்தாய், மாஸ்டரின் மனைவி.

“எல்லாம் என் பக்குவந்தான் தம்பி. முந்தியெல்லாம் அந்த மனுசன் என்னைய அடுப்புக்கிட்டயே விடமாட்டாரு. உனக்கென்ன தெரியும்பாரு. இப்ப ரெண்டு வருசமா நான் நாக்குல வச்சு சரின்னு சொல்லாம ஒரு அண்டாவும் எறங்காது. ‘முத்து, என்ன கொறையுது சொல்லு’ன்னு அம்புட்டு ஆளுக முன்னாடி கேப்பாரு. கல்யாணமாகி இம்புட்டு நாள் கழிச்சு ஒரு மதிப்பு வந்திருக்கு.”

நான் திரும்பிப் போனபோது மாஸ்டர் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அக்கா எதிரில். காபி டம்ளர் இருவருக்கும் நடுவே தரையில்.

“காச்சல் வந்துச்சுக்கா,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “எல்லாருக்கும் வந்துச்சு, எல்லாருக்கும் ருசி போச்சு, எல்லாருக்கும் திரும்பிருச்சு. எனக்கு மட்டும் திரும்பல. சாம்பாரும் சுடுதண்ணியும் எனக்கு ஒண்ணுதான். வாசமும் கிடையாது. போன வருசம் ஒரு கல்யாணத்துல இவ வர முடியல, உப்பு கூடிப்போச்சு. மாஸ்டருக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு எவனோ வாட்சப்புல போட்டு விட்டுட்டான். கையில இருந்த முகூர்த்தமெல்லாம் ஒண்ணொண்ணா போக ஆரம்பிச்சிருச்சு. என்னைய நம்பி எத்தன குடும்பம் இருக்கு. அப்பத்தான் இந்தப் போட்டி. முதத் தடவை சும்மா குருட்டாம்போக்குல பந்தி முறையில சொன்னேன். சரியா இருந்துச்சு. அந்த வீடியோ ஊரெல்லாம் போச்சு. வாய மூடிட்டாங்க.”

“சங்கிலியண்ணே, அந்தப் பொண்ணு நகைய வச்சு பாட்டில் போடப் போறா. நீங்க கைகாட்டுற ரசத்துலதான் அவ கடையே நிக்குது.”

“தெரியும்க்கா. ரெண்டு நாளா தூக்கமில்ல.”

“வீட்டம்மாவுக்கு?”

மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். “தெரியாது. தெரியவும் கூடாது. நான் அவளுக்கு மதிப்புக் குடுத்து கேக்குறதா நெனச்சு சந்தோசமா இருக்காக்கா. கையாலாகாமத்தான் கேட்டேன்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போவா. தொழில் போனாக்கூட எந்திரிச்சிருவேன். அவ மூஞ்சி வாடுறதப் பாக்க எனக்குத் தெம்பில்ல.”

அவ்வளவு பெரிய உருவம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. எனக்கு என்னமோ போலிருந்தது.

“நாளைக்கு டம்ளர் வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் வைப்பாங்க,” என்றார் அக்கா. “அதையும், அவ வீட்டுக்காரரு மேல தப்பில்லங்கிறதையும் மட்டும் இப்போதைக்கு இந்துப்ரியாகிட்ட சொல்லுவேன். மிச்சத்த நீங்களா சொன்னா நல்லது. இல்லன்னா போட்டி முடியுறதுக்குள்ள நான் சொல்லித்தான் ஆகணும். அவகிட்ட கூலி வாங்குறேன்.”

திரும்பி வரும்போது, “நாக்கு இன்னும் சரியாகலக்கா. அந்தக் கஞ்சில உப்பே தெரியல,” என்று புலம்பினேன்.

“எந்தக் கஞ்சி?”

“மாஸ்டருக்குன்னு தனியா வச்சிருந்ததுல.”

“ரசம் குடிச்சியே, அதுல உப்பு தெரிஞ்சதா?”

“ஜம்முனு தெரிஞ்சது.”

கண்ணாடியில் பார்த்தேன், அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “ரோட்டப் பாத்து ஓட்டு” என்ற பதில்தான் கிடைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கருந்திராட்சைக் கடை வாசலில் சேர் பற்றாமல் பல் ஆஸ்பத்திரியிலிருந்தும் எடுத்து வந்து போட்டிருந்தார்கள். திருமங்கலத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மாஸ்டருக்கு ஆர்டர் கொடுத்தவர்கள், ஆர்டரை ரத்து செய்தவர்கள், ரத்து செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள். முத்துத்தாய் பட்டுச்சேலையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வெங்கடேஷ்பாபு மைக்கைப் பிடித்தார். “இந்த ரசத்தக் குடிச்சா ஆயுசு கூடும். அதனாலதான் எங்க மாமியார் கண்ணுல படாம ஒளிச்சு வச்சிருக்கோம்.” யாரும் சிரிக்கவில்லை, இந்துப்ரியாவைத் தவிர. அவள் சிரித்த சிரிப்பில் அவரே கொஞ்சம் பயந்துவிட்டார். புருஷன் மேல் சந்தேகம் தீர்ந்தவளின் சிரிப்பு அது, அவருக்கு எங்கே தெரியப் போகிறது.

“இன்னைக்கு ஒரு மாத்தம். டம்ளர் வரிசை சீட்டுக் குலுக்கித்தான் வச்சிருக்கு,” என்று அறிவித்தார்.

மாஸ்டருக்குக் கண்ணைக் கட்டினார்கள். முதல் டம்ளரை எடுத்தார். குடித்தார். வழக்கம்போல் மடமடவென்று இல்லை, சொட்டுச் சொட்டாக. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பார்த்தார். இரண்டு வருஷமாக வராதது அந்த நிமிஷம் வந்துவிடாதா என்று அந்த மனிதர் தவித்தது எனக்குத் தெரிந்தது. நான்கூட வேண்டிக்கொண்டேன். இரண்டாவது டம்ளரைக் கையில் எடுத்தவர், குடிக்காமல் அப்படியே நின்றார்.

பக்கத்தில் இந்துப்ரியா, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அவர் வாயையே பார்த்திருந்தாள். அக்கா சேரிலிருந்து எழுந்துவிட்டார்.

அதற்குள் மாஸ்டர் கண்கட்டை அவிழ்த்தார். வெங்கடேஷ்பாபுவிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

“பாப்பா,” என்றார் இந்துப்ரியாவைப் பார்த்து, “என் பேச்சக் கேட்டு பாட்டில் போட்றாத. எனக்கு ருசி தெரியாது. காச்சல்ல போச்சு, ரெண்டு வருசமாச்சு. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பந்தி முறைய வச்சு சொன்னதுதான். ஏமாத்திப்புட்டேன். மன்னிச்சுக்க.”

சலசலப்பு எழுந்தது. நிறைய செல்போன்கள் உயர்ந்தன. மாஸ்டர் அவற்றைப் பார்க்கவே இல்லை, கடைசி வரிசையைத்தான் பார்த்தார்.

“இது என் சம்சாரத்துக்கும் தெரியாது. மொதல்ல அவகிட்டதான் சொல்லியிருக்கணும்.”

நடுவரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். திருமங்கலத்துக்காரர். “அப்ப சித்திரையில எங்க வீட்டுக் கல்யாணத்துல சாம்பாருக்கு ருசி பாத்தது யாரு?”

“நாந்தான்,” என்றார் முத்துத்தாய், உட்கார்ந்தபடியே.

“அப்ப சரி,” என்றார் பெரியவர். “ஆவணிக்கும் நீயே பாத்துரு தாயி.” உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சிரித்தது. ரத்து செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் யோசனையை நிறுத்தியது முகத்தில் தெரிந்தது.

முத்துத்தாய் சிரிக்கவில்லை. எழுந்து, சேர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மாஸ்டர் மைக்கை இறக்கினார். எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

“முத்து, நான்…”

“எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உங்களுக்கு ருசி இல்லங்கிறது. டாக்டரு பிரசருக்கு உப்பக் கொறைக்கச் சொன்னாருல்ல? அன்னையிலருந்து உங்களுக்கு உப்பே போடாமத்தான் ஆக்கிப் போடுறேன். கஞ்சி, கொழம்பு, கூட்டு, எல்லாம் தனிப் பானைல. ஒருநாக்கூட ஒரு வார்த்த கேக்கல நீங்க. ‘நல்லாருக்கு முத்து’ன்னு தட்ட வழிச்சுச் சாப்பிடுறீங்க.”

என் நாக்கு பிழைத்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி பாவனை செய்தார்.

மாஸ்டரின் மீசை துடித்தது. “தெரிஞ்சுமா இம்புட்டு நாளா சும்மா இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

முத்துத்தாய் தலையைக் குனிந்துகொண்டார். மைக் இறங்கியிருந்ததால் அவர் சொன்னது முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

“சொல்லியிருந்தா வைத்தியம் பாக்கப் போயிருவீங்க. சரியாப் போச்சுன்னா, அப்பறம் என்னைய எங்க கேக்கப் போறீங்க?”